ஊரைக் காத்த ஒரு வாய்ச்சொல்

(தேவ ஊழியர் சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்க்கையிலிருந்து)

 

இந்த மாதம் நாவைக் குறித்து உங்களோடு பேசும்படி கர்த்தர் என் உள்ளத்தில் பாரத்தைத் தந்தார். சாவும் பிழைப்பும் நாவின் பிடியில் இருப்பதாக நீதிமொழிகள் 18:21 போதிக்கிறது. இந்த வசனத்தின்மேல் எத்தனையோ பிரசங்கம் கேட்டாச்சு. கேட்டுக் கேட்டு நம் காதும் பழகிப்போச்சு. ஆகையால் இந்தத் தடவை பிரசங்கம் வேண்டாம். நம்முடைய தமிழ் மண்ணிலே 48 வருஷம் வாழ்ந்து, இங்கேயே அடக்கம்பண்ணப்பட்ட ஒரு தேவ மனுஷனுடைய வாழ்க்கையைச் சொல்கிறேன். பொறுமையாய் வாசியுங்கள்.

வாக்கு என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாளி பாவும் ஜரிகையும் கொடுக்கிறார். நெசவாளி அதை வீட்டுக்கு எடுத்துப்போகிறார். இத்தனை நாளில் சேலை, இவ்வளவு கூலி என்று பேச்சு முடிகிறது. பல இடங்களில் பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. வாய்ச்சொல்தான் எல்லாம். அந்தச் சொல் நின்றால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். சொல் தவறினால் முதலில் பட்டினி கிடப்பது பிள்ளைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மனுஷனுடைய கதைக்கு வாருங்கள்.

தாயின் சொல், தகப்பனின் சொல்

கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் 1726-ம் வருஷம் அக்டோபர் மாதம் பிரஷ்யா தேசத்தில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்றைக்குப் போலந்து நாட்டில் இருக்கிறது. சின்னப் பிள்ளையாய் இருக்கும்போதே தாயார் இறந்துபோனார். மரணப் படுக்கையில் அந்தத் தாய் தன் கணவரையும் சபைப் போதகரையும் அருகே கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஊழியத்துக்குப் போக அவனுக்கு விருப்பம் வந்தால் யாரும் தடுக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். மகன் வளர்ந்து என்ன ஆனான் என்று பார்க்க அவள் உயிரோடில்லை. ஆனால் அவள் சொன்ன வார்த்தை உயிரோடிருந்தது!

வாலிபனாகி ஹாலே பட்டணத்தில் படித்தபோது, சென்னையில் ஊழியம் செய்து திரும்பியிருந்த சூல்ட்ஸே ஐயர் தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிட முயற்சி செய்துகொண்டிருந்தார். அந்த வேலைக்கு உதவியாகத்தான் சுவார்ட்ஸ் தமிழ் எழுத்துக்களைக் கற்றார். அச்சு வேலை நடக்கவில்லை. கற்ற தமிழ் மட்டும் வீணாகவில்லை. இந்தியாவுக்குப் போக அழைப்பு வந்தபோது அவர் தகப்பனிடம் உத்தரவு கேட்டார். மூத்த மகன், குடும்பத்தின் நம்பிக்கை. தகப்பன் உடனே பதில் சொல்லவில்லை. சில நாள் தவணை கேட்டுத் தன் அறைக்குள் போனார். பிறகு இறங்கி வந்து, பிறந்த தேசத்தையும் தகப்பன் வீட்டையும் மறந்து ஆத்துமாக்களைக் கிறிஸ்துவுக்காக ஆதாயம் பண்ணும்படி மகனை ஆசீர்வதித்தார். மகன் தன் சொத்துப் பங்கைக் கூடப்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

பெற்றோரே, கவனியுங்கள். உதவாக்கரை, தண்டச்சோறு, உருப்படமாட்டாய் என்று பிள்ளையைப் பார்த்து தினமும் சொல்கிறோமே! அந்த வார்த்தையும் நமக்குப் பிறகு உயிரோடுதான் இருக்கும்.

பிள்ளைகளோடு பிள்ளையாய்

1750 ஜூலையில் 23 வயது வாலிபனாகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் மேடை தேடவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்திலே சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாய் உட்கார்ந்தார். அவர்களுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்து, அவர்கள் வாயிலிருந்து தமிழ் கற்றார். நான்கே மாதத்தில், அந்த நவம்பரில், சீகன்பால்க் ஐயர் கட்டின ஆலயத்தில் தமிழில் முதல் பிரசங்கம் செய்தார். பிற்பாடு நம் ஜனங்கள் மதிக்கிற நூல்களையும் வருஷக்கணக்கில் வாசித்தார். பாரசீகம், மராத்தி, இந்துஸ்தானி, போர்த்துக்கீசு என்று ஒவ்வொரு கூட்டத்தாரோடும் அவரவர் பாஷையிலே பேசினார். யாரிடம் பேசப்போகிறோமோ அவர்களுடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேச வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த ஒழுங்கு.

1762-ல் திருச்சிக்குப் போனார். அங்கே பழைய கட்டிடம் ஒன்றில் கட்டிலும் தானும் மட்டுமே கொள்ளக்கூடிய ஒரு சிறிய அறையில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சோறும் காய்கறியும்தான் சாப்பாடு. வந்த பணமெல்லாம் ஆலயத்துக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் போனது. இதை ஏன் சொல்கிறேன்? அவருடைய வாய்ச்சொல்லுக்கு எங்கிருந்து பெலன் வந்தது என்பது இங்கே இருக்கிறது. தனக்கென்று ஒன்றும் தேடாத மனுஷன் பேசினால், இதில் இவனுக்கு என்ன லாபம் என்று கேட்பவன் வாயடைத்துப் போவான்.

ஐதர் அலியின் அரண்மனையில்

இப்போது மைசூருக்கு வாருங்கள். 1769-ல் ஐதர் அலி சென்னைப் பட்டணத்தின் வாசல்வரை படையோடு வந்தார். பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனியார் சமாதான உடன்படிக்கை செய்தார்கள். ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்று அதில் வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே மராட்டியர் மைசூரின்மேல் படையெடுத்தார்கள். ஐதர் அலி உதவி கேட்டார். கம்பெனி வரவில்லை. கொடுத்த வாக்கு காற்றோடு போயிற்று.

பத்து வருஷம் கழித்து, 1779-ல் மறுபடியும் போர் மேகம் திரண்டது. சென்னை கவர்னர் ரம்போல்டுக்கு, ஐதர் அலியிடம் போய்ச் சமாதானம் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரை அனுப்பினாலும் ஐதர் அலி நம்பமாட்டார். அந்தக் கிறிஸ்தவனை அனுப்புங்கள், அவன் என்னை ஏமாற்றமாட்டான் என்ற கருத்தில் ஐதர் அலியே சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினவர்கள் சொல்கிறார்கள். ஜூலையில் திருச்சியிலிருந்து புறப்பட்டவர் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார்.

அந்த அரண்மனையில் தாம் கண்டதை சுவார்ட்ஸ் ஐயர் எழுதிவைத்திருக்கிறார். ஐதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபகசக்தி அபாரம். ஒருவனைக் கடிதம் எழுதச் சொல்லி வாசிக்கக் கேட்பாராம். பிறகு வேறொருவனைக் கூப்பிட்டு அதே கடிதத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்வாராம். தான் சொன்னதற்கும் எழுதினதற்கும் ஒரு சொல் வித்தியாசம் இருந்தாலும் எழுதினவன் தலை தப்பாது. சொல்லை அப்படி நிறுத்துப் பார்க்கிற மனுஷன்தான் சுவார்ட்ஸ் ஐயரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார்!

புறப்படும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் பையில் கொடுக்கப்பட்டது. ஐயர் வேண்டாமென்று மறுத்துப்பார்த்தார், முடியவில்லை. சென்னைக்கு வந்து அதைக் கம்பெனியாரிடமே ஒப்படைத்தார். அவர்கள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றபோது, தஞ்சாவூரில் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை மூலதனமாக வைக்க அனுமதி வாங்கினார். ராஜா கொடுத்த பணமும் அவர் கையில் ஒட்டவில்லை.

நம்ம ஊர்மேல் விழுந்த நெருப்பு

சுவார்ட்ஸ் ஐயர் தம் வேலையை உண்மையாய்ச் செய்தார். ஐதர் அலியின் குறைகளைக் கம்பெனிக்கு அப்படியே கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் அனுப்பினவர்களிடம் உண்மை இல்லை. குறைகள் தீர்க்கப்படவில்லை. போருக்கு வேறு காரணங்களும் உண்டு. மாஹே துறைமுகத்தைக் கம்பெனி பிடித்ததும் அதில் ஒன்று. ஆனாலும் 1769-ல் கொடுத்துப் பிறகு மீறப்பட்ட அந்த வாக்கு ஐதர் அலியின் மனதில் முள்ளாய்த் தைத்தே இருந்தது.

1780 ஜூலையில் பெரும்படையோடு அவர் ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். கிராமங்கள் எரிந்தன. ஜனங்கள் மாடு கன்றுகளோடு ஓடினார்கள். அந்த நெருப்பு எங்கே வந்து விழுந்தது தெரியுமா? நம்ம காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலே! 1780 செப்டம்பர் 10-ம் தேதி புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை, ஏறக்குறைய 3,800 பேர், ஒரே நாளில் அழிந்தது. மிஞ்சினவர்கள் சிறைப்பட்டுப் போனார்கள். பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி மன்றோ சமயத்துக்குப் போய்ச் சேரவில்லை. தன்னிடமிருந்த பெரிய பீரங்கிகளை இங்கே குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கிப் போனார்.

தேவ பிள்ளைகளே, சற்று யோசியுங்கள். சென்னைக் கோட்டையில் வாக்குக் கொடுத்தவர்கள் வேறே. அதற்காகச் செத்தவர்கள் வேறே. உடன்படிக்கை என்றால் என்னவென்றே தெரியாத உழவனும் நெசவாளியும் வீடிழந்தார்கள். சிறு நெருப்பு பெருங்காட்டைக் கொளுத்திவிடும் என்று யாக்கோபு (3:5) எச்சரிப்பது வெறும் உவமை இல்லை. நம்ம ஊர் மண்ணில் நடந்த சங்கதி.

அந்தப் போரின் நடுவில் ஓர் அதிசயம் பாருங்கள். அந்தப் பாதிரியார் நல்ல மனுஷன், அவர் எங்கே போனாலும் தடுக்காதீர்கள், மரியாதையோடு விடுங்கள் என்று ஐதர் அலி தன் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். இரண்டு படைகளுக்கும் நடுவே பயமில்லாமல் நடந்துபோன, ஆயுதம் இல்லாத மனுஷன் அவர்.

80,000 கலம் நெல்

போரோடு பஞ்சமும் வந்தது. அப்போது அவர் தஞ்சாவூரில் இருந்தார். கோட்டைக்குள் ஜனம் நிரம்பி வழிந்தது. காலையில் தெருவைப் பார்த்தால் பிணங்கள். வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது. கோட்டைக்குக் கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருக்கிற குடியானவர்கள் வர மறுத்தார்கள். ஏன்? முன்னே பல தடவை மாட்டையும் நெல்லையும் வாங்கிக்கொண்டு பணம் தராமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜாவின் ஆட்கள் கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. கம்பெனி அதிகாரிகள் கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. கடைசியில் ராஜா, எங்கள் எல்லோருடைய பேச்சும் செல்லாமல் போய்விட்டது, சுவார்ட்ஸ் ஐயரையாவது ஜனங்கள் நம்புகிறார்களா பார்க்கலாம் என்ற நிலைமைக்கு வந்துவிட்டார்.

ஐயர் சுற்றுப்புறமெங்கும் சொல்லியனுப்பினார். வருகிற ஒவ்வொருவனுக்கும் என் கையாலே கூலி கொடுப்பேன், எதிரி மாட்டைப் பிடித்துக்கொண்டால் அதற்கும் நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். ஒன்றிரண்டு நாளுக்குள் 1,000 மாடுகளுக்கு மேல் வந்து நின்றன! உபதேசியார் ஒருவரும் மற்ற விசுவாசிகளும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குள் போனார்கள். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. ஐயர் சொன்னபடியே ஒவ்வொருவனுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். கையில் இருந்தது போதாதபோது, தம்மிடம் இருந்த மற்றவர்களுடைய பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்து, சிறு வெகுமதியோடு அனுப்பிவைத்தார்.

அல்லேலூயா! வானத்திலிருந்து மன்னா விழவில்லை. ஒரு மனுஷன் 30 வருஷமாய்த் தன் சொல்லைக் காத்துவந்தான். பஞ்ச நாளில் அந்தச் சொல் சோறாய் மாறிற்று.

திரும்பி வந்த 7,000 பேர்

1784-ல் போர் ஓய்ந்தும் தஞ்சை ஜனங்களுக்கு ஓய்வில்லை. வரி வசூல் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் 65,000 பேருக்கு மேல் ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்று ஐயர் எழுதியிருக்கிறார். திரும்பி வாருங்கள், நியாயம் செய்வோம் என்று ராஜாவின் அதிகாரிகள் சொன்னார்கள். ஒருவரும் நம்பவில்லை. பிறகு ராஜாவின் பெயரால் சுவார்ட்ஸ் ஐயர் வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். ஜூன் மாதத்தில் தொடங்கவேண்டிய உழவு. அவர்கள் வந்தபோது செப்டம்பர் ஆகிவிட்டது. நாள் தப்பிவிட்டதே என்று ஐயர் கவலைப்பட்டார். ஜனங்களோ, நீங்கள் எங்களுக்குத் தயவு காட்டினீர்கள், நாங்கள் ராத்திரி பகலாய்ப் பாடுபட்டு உங்கள் பேரைக் காப்பாற்றுவோம் என்று ஏரைப் பூட்டினார்கள். இந்த ஜனங்கள் அவருடைய சபையார் அல்ல. ஆனாலும் அவர் வார்த்தையை நம்பினார்கள்.

விலைக்குப் போன நாவுகள்

1787-ல் துளஜா மகாராஜா மரணப் படுக்கையில் விழுந்தார். தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுப் பிள்ளை சரபோஜியை சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் விட விரும்பினார். ராஜ்ய பாரம் தமக்குத் தகாது என்று ஐயர் ஒதுங்கி, ராஜாவின் சகோதரர் அமர்சிங்கைப் பாதுகாவலராய் வைக்கும்படி ஆலோசனை சொன்னார். ஆனால் அமர்சிங் தானே ராஜாவாக விரும்பினார். சுவீகாரம் செல்லுமா என்று கம்பெனி கவர்னர் பண்டிதர்களைக் கேட்டார். செல்லாது என்றார்கள். அமர்சிங் சிங்காசனம் ஏறினார். பண்டிதர்களின் வாய்க்கு லஞ்சம் கொடுக்கப்பட்டிருந்தது பிற்பாடுதான் தெரியவந்தது.

விலைக்குப் போன சில நாவுகள் ஒரு சிறுபிள்ளையின் வாழ்க்கையை இருட்டறையில் அடைத்துவிட்டன. நிஜமாகவே அந்தப் பிள்ளை வெளிச்சம் இல்லாத இடத்தில், படிப்பும் இல்லாமல் அடைத்துவைக்கப்பட்டான். சுவார்ட்ஸ் ஐயர் சும்மா இருக்கவில்லை. பேசவேண்டிய இடத்தில் பேசினார், எழுதவேண்டியவர்களுக்கு எழுதினார். ஒரு தடவை அல்ல; வருஷக்கணக்காய். 1793-ல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டுப் படிக்கவைக்கப்பட்டார். 1798-ல் தஞ்சாவூர் சிங்காசனத்தில் அமர்ந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த மன்னர் அவர்தான். பொய் சொன்ன நாவு மூடின கதவை, மெய் பேசின நாவு திறந்தது.

திருநெல்வேலியிலிருந்து 12 வயதுப் பையன் ஒருவனையும் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். அவர்தான் பிற்காலத்தில் சுவிசேஷக் கவிராயராய் விளங்கின வேதநாயகம் சாஸ்திரியார்.

பாடிக்கொண்டே போனார்

1798 பிப்ரவரி 13-ம் தேதி தஞ்சாவூரில், 71-ம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சுற்றி நின்றவர்கள் ஞானப்பாட்டுப் பாடினபோது, அந்தப் பலவீனத்திலும் கூடச் சேர்ந்து பாடினார். 48 வருஷம் தமிழில் ஆறுதல் சொன்ன நாவு துதியோடு அடங்கியது. சரபோஜி வந்து தகப்பனை இழந்த பிள்ளையைப்போல அழுதார். கடைசிவரை கிறிஸ்தவராகாத அந்த மன்னர், ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்து, தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் வைத்தார். படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருக்கிற காட்சி அது. கம்பெனியாரும் சென்னைக் கோட்டை ஆலயத்தில் நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

நமக்கு என்ன?

சிலர் கேட்கலாம்: பாஸ்டர், இவர் லுத்தரன் மிஷனெரிதானே? ஆமாம். அசூசா தெரு எழுப்புதல் 1906-ல்தான் வந்தது. இவர் மரித்தது அதற்கு 108 வருஷத்துக்கு முன்னே. நம்முடைய ஆராதனை முறையை இவர் கண்டதில்லை. ஆனால் நாம் வெட்கப்படும்படி ஒன்று இவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆவியில் நிரம்பிப் பேசுகிற நாவு, திங்கட்கிழமை என்ன பேசுகிறது? ஒரே வாயிலிருந்து துதியும் சாபமும் வரலாமா என்று யாக்கோபு 3:10-ல் நம்மைக் கேட்கிறாரே!

வாயினால் அறிக்கை பண்ணு, நடக்கும் என்று நாமும் போதிக்கிறோம். விசுவாச அறிக்கை நல்லது. ஆனால் வார்த்தை மந்திரம் அல்ல. சத்தமாய்ச் சொன்னதால் சொல்லுக்குப் பெலன் வருவதில்லை. சொன்னவன் தன் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறானா என்பதுதான் கேள்வி. நஷ்டம் வந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று சங்கீதம் 15 காட்டுகிறது.

இந்த மாதம் மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று, கொடுத்த வாக்கு ஏதாவது பாக்கி இருந்தால் நிறைவேற்றுங்கள். கூலி பாக்கி, கைமாற்று, திருப்பித் தருகிறேன் என்று வாங்கின பாத்திரம்கூடத்தான்! வாக்கை நிறைவேற்றிவிட்டு சாட்சி சொல்ல வாருங்கள்.

இரண்டு, ஜெபத்துக்காகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லாதீர்கள். ஜெபக் குறிப்பு வேறே, புறணி வேறே. லஞ்சம் வாங்கின பண்டிதர்கள் காசுக்குச் செய்ததை நாம் காசில்லாமலே செய்கிறோம்.

மூன்று, யாரையாவது சொல்லால் காயப்படுத்தியிருந்தால் அவர்களிடமே போய்ப் பேசுங்கள். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? உடனே நிறுத்தி, இழையைத் தேடிப் பிடித்து முடிகிறார். கவனியாமல் நெய்துகொண்டே போனால் அந்தக் குறை சேலையின் நீளம் முழுக்கக் கோடாய் ஓடும். புருஷன் மனைவிக்கு நடுவே, மாமியார் மருமகளுக்கு நடுவே, விசுவாசிக்கும் விசுவாசிக்கும் நடுவே அறுந்த இழை இருக்கிறதா? இன்றைக்கே முடியுங்கள்.

பஞ்ச காலம் எல்லாருக்கும் வரும். அன்றைக்கு நாம் கூப்பிட்டால் நம் சொல்லை நம்பி நாலு பேர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார்களா? அதை இன்றைக்கு நாம் பேசுகிற சின்னச் சின்ன வார்த்தைகள் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன.

ஜெபிப்போம்: அன்புள்ள பரம தகப்பனே, எங்கள் நாவை உம்முடைய கரத்தில் தருகிறோம். எங்கள் சொல்லால் உடைந்தவர்களைக் கட்டும். நாங்கள் கொடுத்த வாக்குகளை நிறைவேற்ற எங்களுக்குப் பெலன் தாரும். உம்முடைய ஊழியக்காரனை நம்பி ஜனங்கள் வந்ததுபோல, எங்கள் வாயின் உண்மையைக் கண்டு இந்த ஊர் ஜனங்கள் உம்மிடம் வரட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் ஜீவனுள்ள பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் அன்புச் சகோதரன்,
காஞ்சிபுரம்.